முதல் எழுத்து போதும்

சந்திரமோகன் சாருக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு சொல் கண்ணில் பட்டால் போதும், அதைத் துண்டு துண்டாக வெட்டி, எழுத்துகளைக் கீழே கீழே அடுக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு புத்திமதியை ஒட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், தகட்டை அடித்து வளைத்துக் கார்களுக்குப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் ஹெச்.ஆர். மேனேஜர். கேண்டீன் சுவரில் ‘உணவு’, கழிவறைக் கதவில் ‘தூய்மை’, வண்டி நிறுத்தும் இடத்தில் ‘ஒழுக்கம்’ என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் கைவண்ணம்தான்.

புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச் சொல் எதுவும் தொடங்காது என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். சார் அதற்கெல்லாம் அசருகிற ஆளா? ‘க் – க்யூவில் நில்’ என்று எழுதினார். ‘ம் – ம், யோசித்து நட’ என்று எழுதினார். ‘ழு’வுக்கு என்ன எழுதினார் என்று கேட்காதீர்கள், சாப்பிட்டது வெளியே வந்துவிடும். எல்லாவற்றுக்கும் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்.

தகட்டை அச்சில் அடிக்கும் ப்ரெஸ் பிரிவில் ஆறு வருடமாகக் கான்ட்ராக்டில் இருக்கும் ஜெனிபருக்கு அவற்றைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அவளுக்கும் எழுத்துப் பைத்தியம் உண்டு. ஆனால் அது வேறு ஜாதிப் பைத்தியம். எளாவூரிலிருந்து வரும் கம்பெனி வேனில், அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கட்டம் போடுவாள். பதினோரு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் கண்டுபிடித்த கட்டம் இது:

உ த வி
த க டு
வி டு தி

குறுக்கே படித்தால் உதவி, தகடு, விடுதி. மேலிருந்து கீழே படித்தாலும் அதே மூன்று. கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும், ஏமாற்ற முடியாது. சாருடைய வித்தையில் முதல் எழுத்து நின்றால் போதும், பின்னால் லாரி லாரியாகக் குப்பை கொட்டலாம். கம்பெனியையே அவர் அப்படித்தான் நடத்துகிறார் என்பது ஜெனிபரின் எண்ணம்.

அந்த எண்ணத்துக்குக் காரணம் நாலாம் நம்பர் ப்ரெஸ். அதில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் விரல் அச்சுக்கு அடியில் போகாது அல்லவா, அதற்குத்தான் அந்த ஏற்பாடு. சூப்பர்வைசர் பாக்கியநாதனோ இடது பொத்தானை ஒரு துணியால் அமுக்கிக் கட்டிவைத்திருந்தார். வலது கை பொத்தானில், இடது கை தகட்டைத் தள்ளும், வேலை சடசடவென்று ஓடும். ஆடிட் வரும் நாளில் விடிந்ததும் துணி அவர் பேன்ட் பாக்கெட்டுக்குப் போய்விடும். ஆடிட் கார் கேட்டைத் தாண்டியதும் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை அந்த ப்ரெஸ்ஸில் தகடு சிக்கிக்கொண்டது. அதை ஓட்டிக்கொண்டிருந்த ஸ்டீபன் இடது கையை உள்ளே விட்டு இழுக்கும்போது, வலது முழங்கை பொத்தான்மேல் சாய்ந்துவிட்டது. இரண்டு விரல் போய்விட்டது. ‘வீட்டில் பைக் செயினில் மாட்டிக்கொண்டது’ என்று சந்திரமோகன் எழுதிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ பலகை மறுநாளும் ஒன்று கூடி 611 என்றது.

நாலாம் ப்ரெஸ்ஸில் ஸ்டீபனின் இடத்துக்கு யாரை நிறுத்தினார்கள் தெரியுமா? ஜெனிபரின் தங்கையை.

“யக்கா, டிரெய்னிங்னு சொல்லி என்ன நாலாம் ப்ரெஸ்ல நிக்க வச்சிகிறாங்க” என்று ஏஞ்சல் வேனில் சொன்னாள். பத்தொன்பது வயதுப் பெண். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற விரல்கள். அன்றே ஜெனிபர் சந்திரமோகனிடம் போய்ச் சொன்னாள். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் “பாக்கலாம்மா” என்றார். கடிதம் எழுதிக் கொடுத்தாள். ஆலோசனைப் பெட்டியில் ஒரு சீட்டு போட்டாள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. ஏஞ்சல் தினமும் அங்கேதான் நின்றாள்.

இதற்கிடையே பாதுகாப்பு வாரம் வந்தது. சாமான் வாங்கும் கார் கம்பெனியிலிருந்து ஆடிட்டர் வருகிறார். முந்தின வருடம் சார் எழுதிய ‘பாதுகாப்பு’ உறுதிமொழியில் ‘ப் – ப்ளீஸ், கையுறை போடு’ என்று இருந்ததைப் படித்து அந்த ஆடிட்டர் அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஆகையால் இந்த முறை சார் ஜெனிபரைக் கூப்பிட்டனுப்பினார்.

“நீ கட்டமெல்லாம் போடுவியாமே? ‘பாதுகாப்பு’க்கு அஞ்சு வரி எழுதிக் குடு. அந்த ‘ப்’புதான் பேஜாரு. அதுக்கு மட்டும் நல்லதா ஒண்ணு புடி.”

“எழுதறேன் சார்.”

டீ இடைவேளையில் எழுதிவிட்டாள். எதையும் ஒளிக்கவில்லை, பூடகம் கீடகம் ஒன்றும் இல்லை. நேரே எழுதினாள். கொண்டுபோய் நீட்டும்போது மட்டும், இரண்டாவது சொல்லைப் படித்துவிடுவாரோ என்று பயந்தாள்.

வீண் பயம். சார் சிவப்புப் பேனாவை எடுத்தார். பா, டிக். து, டிக். கா, டிக். ‘ப்’பில் பேனா நின்றது. முகம் மலர்ந்தது.

“அட, ப்ரெஸ்! இத்தினி வருசமா எனக்குத் தோணலியே! சூப்பர்மா.” பு, டிக். “பெருசா ஃப்ளெக்ஸ் அடிச்சிடலாம்.”

பிளான்ட் தலைவருக்குத் தமிழ் தெரியாது, கையெழுத்துப் போட்டார். ஃப்ளெக்ஸ் கடைக்காரன் கொடுத்ததை அடிப்பவன், அடித்தான். பதினைந்தடிக்குப் பத்தடி, ஓரத்தில் ஹெல்மெட் போட்ட பொம்மை. ஐந்து முதல் எழுத்துகளும் தலை அளவுக்குச் சிவப்பு, மீதியெல்லாம் எறும்பு மாதிரி. சார் சொன்ன டிசைன் அது.

ஆடிட் அன்று காலை எட்டு மணிக்கு, ஃப்ளெக்ஸ் மாட்டிய ஷெட் முன்னால் இருநூறு பேர் வரிசையாக நின்றார்கள். ஆடிட்டர் ஜோதிலட்சுமி முன்னால் நாற்காலியில் இருந்தார். ஒருவர் சொல்ல எல்லோரும் ஒரு கையை நீட்டித் திருப்பிச் சொல்வது வழக்கம். மைக்கைச் சந்திரமோகன் யாருக்குக் கொடுப்பார்? தானே பிடித்துக்கொண்டு, மேடைப் பேச்சாளர் குரலில் ஆரம்பித்தார்.

“பா! பார்த்துக்கொண்டே இருக்கிறோம்!”

பார்த்துக்கொண்டே இருக்கிறோம் என்றது கூட்டம், கொட்டாவியோடு.

“து! துணியால் ஒரு பொத்தானைக் கட்டிவிட்டு!”

கூட்டம் சொன்னது. சொல்லும்போதே பாதிப் பேருக்குத் தூக்கம் போய்விட்டது.

“கா! காலை முதல் மாலை வரை ஓடுகிறது!”

இந்த முறை குரல் பெரிதாக வந்தது. சார் அதை உற்சாகம் என்று நினைத்துக்கொண்டு, தனக்குப் பிடித்த எழுத்துக்கு மூச்சை இழுத்தார்.

“ப்! ப்ரெஸ் நம்பர் நாலு!”

சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. வாய் திறந்தபடி நின்றது. ஆனால் வரிசைக்குப் படிக்கத் தெரியுமே. முன்வரிசையில் ஸ்டீபன் மூன்று விரல் கையை நீட்டிக்கொண்டு கடைசி வரியைச் சத்தமாகப் படித்தான். இருநூறு பேரும் அவன் பின்னால் சொன்னார்கள்.

“புதிதாக யாருடைய விரல் வேண்டும் அதற்கு?”

ஜோதிலட்சுமி சிரிக்கவில்லை. எழுந்து, “நாலாம் ப்ரெஸ் எங்க இருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

துணி வழக்கம்போல் பாக்கியநாதனின் பாக்கெட்டில்தான் இருந்தது. ஜோதிலட்சுமி இடது பொத்தானை ஒருமுறை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். பொத்தான் மேலே வரவில்லை. மாதக்கணக்காக அமுங்கிக் கிடந்ததில் உள்ளே ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது. வலதை மட்டும் அமுக்கினார். அச்சு தடாலென்று இறங்கியது. ஏஞ்சல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“மெஷினை நிறுத்துங்க. சரிபண்ணி நான் பார்க்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது” என்றார் ஜோதிலட்சுமி. ஸ்டீபனை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் எழுதிக்கொண்டார். ஏஞ்சலைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். மத்தியானம் வாசல் பலகையில் பூஜ்யம் விழுந்தது.

சாயங்காலம் சந்திரமோகன் ஜெனிபரைக் கூப்பிட்டார். மேசைமேல் அவள் எழுதிய தாள் கிடந்தது, ஐந்து சிவப்பு டிக்கோடு.

“உன் கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது, தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“கம்பெனி மானமே போச்சு. இத என்னாண்ட வந்து ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதாம்மா?”

ஜெனிபர் டிபன் பாக்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஏஞ்சல் வெளியே வேனில் இடம் பிடித்துவைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“மூணு வாட்டி சொன்னேன் சார். அதுல முதல் எழுத்துக்குப் பெருசா செவப்பு மை போடல, அதான் ஒங்களுக்குத் தெரியாம பூட்ச்சு.”