இலை தின்னும் பல்

அக்கா, தங்கை இருவருக்கும் ஒரே அருங்காட்சியகத்தில் வேலை. குளம்புள்ள விலங்குகளின் புதைபடிவங்களை ஆராய்வார்கள். ஆய்வுக்கூட்டத்தில் இளையவள் பேசி முடித்ததும் மூத்தவள்தான் முதலில் எழுந்தாள்.

"புல்வெளி விலங்குக்கு எலும்பு குவிஞ்சு கிடக்கு. காட்டு மானுக்கு நடுவுல பல லட்சம் வருஷம் ஒரு துண்டுகூட இல்ல. ஆனாலும் அது இருந்துச்சுங்கற. எங்க, உன் கற்பனையிலயா?"

அரங்கமே சிரித்தது.

"ஆத்தங்கரையில செத்தா சேறு மூடிக்கும், எலும்பு தங்கும். காட்டுல அந்த ஈரமும் புளிச்ச மண்ணும் கரைச்சிடும். மான் இல்லாம போகலக்கா, எலும்புதான் மிஞ்சல." கூட்டத்தில் வாய் தவறி 'அக்கா' என்றதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

பிறகு, பழைய ஏரிப்படுகை ஒன்றைத் தோண்டுகையில், குதிரைப் பற்களுக்கு நடுவே மூத்தவளுக்கு ஒரு கடைவாய்ப்பல் அகப்பட்டது. புல் மேய்கிற பல் உயரமாக இருக்கும், இது குட்டை. இலை தின்னும் மானின் பல். ஏதோ காட்டோடை அடித்துவந்து ஏரிச் சேற்றில் போட்டிருக்கிறது. எந்தக் காலத்தில் அந்த மான் இல்லவே இல்லை என்று அவள் அடித்துச் சொன்னாளோ, அதே காலத்து மண்ணடுக்கு.

சுற்றுமுற்றும் பார்த்தாள். பஞ்சில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கை கூசியது. ஆனாலும் வெளியே எடுக்க மனம் வரவில்லை. அலுவலகம் திரும்பியதும் இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

மழைக்காலம் முடிந்த சமயம், அம்மா வீட்டில் சாப்பிடும்போது இளையவள் சொன்னாள்: "என்கூட வேலை செய்ய யாரும் வரமாட்டேங்கறாங்கம்மா. வேற வேலை தேடிக்கறேன்."

மூத்தவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். மறுநாள் காலை தங்கையின் மேசைமேல் பல்லை வைத்தாள். லென்ஸில் பார்த்த இளையவளின் முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது.

"எப்ப கிடைச்சது?"

"மழைக்கு முன்னாடி."

"இவ்வளவு நாள் வச்சிருந்தியா?"

"எல்லாரையும் உன்னப் பாத்து சிரிக்க வச்சதுக்கு மன்னிப்புக் கேக்கலாம்டி. இதுக்கு எப்படிக் கேக்கறதுன்னே தெரியல."

இளையவள் மறுபடி லென்ஸைப் பல்லின் மேல் பிடித்தாள்.

அடுத்த கூட்டத்தில் மூத்தவள் எழுந்து, கிடைத்ததையும் ஒளித்ததையும் சொன்னாள். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அவளை அகழாய்விலிருந்து விலக்கினார்கள். ஏரிப்படுகைப் பொறுப்பு இளையவளுக்குப் போனது.

இளையவள் ஏரிப்படுகைக்குக் கிளம்பிய அன்று மூத்தவள் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கொடுத்தாள்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு."

"அம்மாகிட்ட பேசுவேன். அவங்ககிட்ட கேட்டுக்கோ," என்றபடி இளையவள் வண்டிக் கதவைச் சாத்தினாள்.