நாற்பது தோப்புக்கரணம்

நான் கெட்டவன் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கொரோனா இரண்டாம் அலை நேரம், எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கை கிடையாது. என் மனைவி உமாராணிக்கு முன்பே காசநோய் வந்து ஒரு நுரையீரல் பாதி போயிருந்தது. அவளுக்குத் தொற்றினால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் போலீஸ் ஏட்டு செல்லச்சாமியான என் வீட்டில் ஊரடங்கு என்றால் ஊரடங்குதான்.

மகள் இசக்கிச்செல்வி அப்போது பிளஸ் டூ. பரீட்சையை ரத்து செய்துவிட்டார்கள். குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் போனும் கையுமாக மாதக்கணக்கில் கிடந்தாள். சாப்பாடு குறைந்தது, பேச்சும் குறைந்தது. பகலெல்லாம் தூங்கினாள். ஒருநாள் நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றாள்.

“ஒரே ஒரு தடவ அருவிக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா. தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துருதேன். மூச்சு முட்டுது.”

“மூச்சு முட்டுதுன்னா என்னன்னு ஆஸ்பத்திரி வாசல்ல போய்ப் பாருட்டி,” என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது, குளிக்க ஓர் ஆள் கிடையாது. யாரும் வந்துவிடாமல் அந்தத் தண்ணீருக்குக் காவல் நிற்பதுதான் எனக்கு வேலை. ஒரு வாரம் கழித்து, காலையில், தோப்பு வழியாக ஐந்தருவிக்கு நுழையப் பார்த்த ஐந்து பிள்ளைகளைப் பிடித்தோம். மூன்று பையன்கள், இரண்டு பெண்கள். எல்லார் முகத்திலும் மாஸ்க். நீல மாஸ்க் போட்டவளின் கண்ணைப் பார்த்ததும் என் மகள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வேறு யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. கூட நின்ற கான்ஸ்டபிள் வேல்ராஜ், “பொம்பளப் பிள்ளைகள விட்டுருவோம் அண்ணாச்சி,” என்றான். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். அவளும் அதைத்தான் கண்ணால் கேட்டாள். ஆனால் வேடிக்கை பார்க்க நாலைந்து கடைக்காரர்கள் கூடியிருந்தார்கள். போலீஸ்காரன் மகளுக்குத் தனிச் சட்டமா என்று நாளைக்கு எவனாவது கேட்டுவிட்டால்? அது பயமா, பெருமையா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

“இந்தா நிக்காளே, இவ எம்மவ!” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். “எம்மவளா இருந்தாலும் சரி, நாப்பது தோப்புக்கரணம்!”

வேல்ராஜ் போனில் படம் பிடித்தான். நான் எண்ணினேன். இருபத்தைந்தில் அவளுக்குக் கால் தடுமாறியது, மாஸ்க் நழுவி முகம் தெரிந்தது. நான் நிறுத்தவில்லை.

சாயங்காலத்துக்குள் வீடியோ எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்துவிட்டது. சுரண்டையிலிருந்து மச்சான் கூப்பிட்டு, “போலீசுன்னா நீருதாம்வே,” என்றார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். அந்தக் காக்கைக்கு இருந்த அறிவுகூட எனக்கு இல்லை. வந்த போனுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துப் பேசினேன்.

அன்றிலிருந்து இசக்கிச்செல்வி வீட்டுக்குள்ளும் மாஸ்க்கைக் கழற்றவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் காதைப் பிடித்து நிற்பதை ஸ்டிக்கராக்கி, கூடப் படித்தவர்களே அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உமாராணிக்குக் கடைசிவரை கொரோனா வரவில்லை. அதை ஒருநாள் அவளிடமே சொல்லிக் காட்டினேன்.

“என்னயக் காப்பாத்துனேன்னு இனி எவங்கிட்டயும் சொல்லாதிய,” என்றாள் அவள். “உசுரோட இருக்கதுக்கே வெக்கமா இருக்கு.”

ஆண்டுக் கடைசியில் அருவியைத் திறந்தார்கள். முதல் வேலையாக மகளை பைக்கில் கூட்டிப்போனேன். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. இப்போதெல்லாம் அவள் எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை. பெண்கள் பக்கம் போய், மாஸ்க்கோடு அருவிக்கடியில் நின்றாள். நனைந்த துணி மூக்கிலும் வாயிலும் ஒட்டிக்கொண்டது. நெஞ்சு ஏறி இறங்குவது கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே தெரிந்தது. எனக்குப் பதறிவிட்டது.

“கழத்துட்டி! மூச்சு முட்டும்!” என்று கத்தினேன்.

அவள் கம்பி ஓரம் வந்தாள். கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

“முட்டட்டும்ப்பா. கழத்துனா, நீங்க சொல்லாமலே எல்லாருக்கும் தெரிஞ்சிரும்லா.”

சொல்லிவிட்டு மறுபடியும் தண்ணீருக்குள் போனாள். குளித்துக்கொண்டிருந்த பெண்கள் விலகி நின்று அவளைப் பார்த்தார்கள்.