அது மாத்திரை இல்லையே

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பதால் வீட்டில் அவளுக்கு ஊசி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அண்ணன் வைத்த பெயர் அது. அவன் லிஃப்ட் மெக்கானிக். யாருக்காவது பட்டப்பெயர் வைக்காவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. அண்ணியும் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அண்ணி கூப்பிடும்போது அதில் கேலி இருக்காது.

அந்த அண்ணிக்குத்தான் உடம்புக்கு முடியாமல் போனது.

அண்ணிக்குச் செருப்புக் கடையில் வேலை. நாள் முழுக்க நின்றபடி, பெட்டி பெட்டியாக இறக்கி, வருகிறவர்களின் காலடியில் குனிந்து நிமிர வேண்டும். வருடத் தொடக்கத்தில் ஒரு கடுமையான காய்ச்சல் வந்து போனது. அதற்குப் பிறகு சீப்பை வைத்தாலே முடி கொத்துக் கொத்தாக வந்தது. களைப்பு வேறு. எதற்கும் தைராய்டு பார்த்துவிடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஊசியே ரத்தம் எடுத்தாள், அவளே மெஷினில் வைத்தாள். தைராய்டு அளவுக்கு மேல் சுரப்பதாகக் காட்டியது. கொஞ்சநஞ்சம் இல்லை, தாளைப் பார்த்த டாக்டர் உடனே சுரப்பை அடக்கும் மாத்திரை தொடங்கும் அளவுக்கு.

ஊசிக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. இப்படி ஒரு முடிவு வருகிறவர்களின் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், தின்பதெல்லாம் எங்கே போகிறதென்று தெரியாமல் உடம்பு இளைக்கும். அண்ணியின் கை ஆடாமல் அசையாமல் இருந்தது. எடையும் குறையவில்லை. எல்லாருக்கும் எல்லா அறிகுறியும் வராது என்று டாக்டர் சொன்னார். அதுவும் உண்மைதான் என்பதால் ஊசி வாயை மூடிக்கொண்டாள்.

ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது எண்கள் இறங்கவே இல்லை. டாக்டர் மாத்திரையை இரண்டு மடங்காக்கினார். அதற்கடுத்த முறை பார்த்தபோதும் அதே கதை. ஆனால் அண்ணி மட்டும் மாறிக்கொண்டே போனாள். முகம் வீங்கியது. எல்லாரும் மின்விசிறிக்கடியில் இடம் தேடுகிற மதியத்தில் அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். குரல் தடித்து, ஒவ்வொரு சொல்லும் படி ஏறி வருவதுபோல மெதுவாக வந்தது. கடையில் இடதுகால் செருப்பு இரண்டை ஒரே பெட்டியில் போட்டுக் கொடுத்தனுப்பி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா அண்ணி?" என்று ஊசி கேட்டாள்.

"டாக்டர் குடுத்ததுதான். வேற ஒண்ணுமில்ல."

இன்னொரு நாள் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தாள். அதற்கும் அதே பதில்தான். இதற்கிடையில், மாத்திரைக்கு அடங்காத சுரப்பியை அறுத்து எடுத்துவிடுவதே நல்லது என்று டாக்டர் பேசத் தொடங்கியிருந்தார்.

ஊசி மேலாளரிடம் போய், மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று சொன்னாள். அவர் அன்றைய சரிபார்ப்புத் தாள்களை எடுத்து மேசையில் பரப்பினார். எல்லாம் கச்சிதமாக இருந்தன. அதே நாளில் அதே மெஷினில் போன மற்ற நாற்பது பேரின் முடிவில் ஒரு குறையும் இல்லை. உங்கள் அண்ணிக்கு மட்டும் மெஷின் ஓரவஞ்சனை செய்யுமா என்று கேட்டுவிட்டு அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அந்த ரத்தத்தையே மறுபடி மெஷினில் வைத்தாள். முதலில் வந்ததே திரும்ப வந்தது.

அன்று மாலை டீ குடிக்க வெளியே வந்தவளை அண்ணன் பிடித்துக்கொண்டான். லிஃப்டுக்கு மேலே இருந்து நேராக வந்திருந்தான். சட்டைக் கையெல்லாம் கறுப்பு மசகு.

"உன் மெஷினை நம்பித்தான் மூணு மாசமா மாத்திரை முழுங்கறா," என்றான். "நாளைக்குக் கழுத்தை அறுக்கணும்னு சொல்றாங்க. நீ என்ன சொல்றே?"

மெஷின் சரி, டாக்டர் சரி, மாத்திரை சரி, அண்ணி மட்டும் சரியில்லை. பதினோரு வருடம் இந்த வேலையைப் பார்த்துவிட்டு, சொந்த அண்ணிக்கு என்னவென்று சொல்லத் தெரியவில்லையே என்ற எரிச்சலில் அன்று அவளுக்குச் சாப்பிடவே பிடிக்கவில்லை.

கூடப் படித்த ஒருத்தி வேறொரு பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். உயரத்தால் அவளுக்கு நெட்டை என்று பெயர். அங்கே இருந்தது வேறு கம்பெனி மெஷின். மேலாளரிடம் கேட்டால் நடக்காது என்று தெரிந்து, ஊசி அண்ணியின் ரத்தத்தில் மீதியிருந்ததை ஒரு குழாயில் அடைத்து, ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் நெட்டை போன் செய்தாள். குழாயை மாற்றிக் கொடுத்துவிட்டாயா என்றுதான் முதலில் கேட்டாள். அங்கே வந்த முடிவு தலைகீழாக இருந்தது. சுரப்பு அளவுக்கு மேல் இல்லை, வறண்டு கிடந்தது.

அப்படியென்றால் அண்ணியின் உடம்பு சொன்னதுதான் உண்மை. குளிர், வீக்கம், தடித்த குரல் எல்லாம் சுரப்பு குறைந்தவர்களுக்கு வருவது. அடக்க வேண்டியதே இல்லாத ஒன்றை மூன்று மாதமாக மாத்திரை போட்டு அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தாளை அவள் மேலாளரின் மேசையில் வைத்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாயிற்று. முடிவு ஏன் மாறியது என்று அவர் கேட்கவில்லை. யாரைக் கேட்டு ரத்தத்தை வெளியே கொண்டுபோனாய் என்று கேட்டார். விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மெஷின் பக்கம் வரக் கூடாது என்று சொல்லி, வரவேற்பில் சிறுநீர் டப்பா கொடுத்து வாங்கும் வேலையில் போட்டார். ஒரே ரத்தம், இரண்டு மெஷின், இரண்டு முடிவு, ஏன் என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஆளில்லை. ஒருவருக்கும் அது தெரிய வேண்டும் என்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்வதற்காகத்தான் போனாள். அண்ணி சாப்பாட்டு மேசையில் சால்வையோடு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் நகத்தை உள்ளே விட்டு, தோலை ஒரே சுருளாகக் கழற்றினாள்.

ஊசி அந்த நகத்தையே பார்த்தாள். செருப்புப் பெட்டியை நெம்பி நெம்பித் திறக்கிற கை அது. அண்ணியின் நகங்கள் எப்போதும் சதையோடு ஒட்ட உடைந்துதான் இருக்கும். ஆரஞ்சு உரிக்கக் கத்தி கேட்பாள். இப்போது பத்து விரலிலும் நகம் நீளமாக, கெட்டியாக இருந்தது.

"நகம் நல்லா வளர்ந்திருக்கே அண்ணி. எப்படி?"

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் செய்தித்தாளை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"ஏதாவது சாப்பிடறீங்களா?"

"அது மாத்திரை இல்லையே," என்றாள் அண்ணி மெதுவாக. "சத்துதானே. முடிக்கு."

அண்ணன் எழுந்துபோய், வாசலருகே இருந்த தன் கருவிப் பெட்டியைத் திறந்து, ஸ்பேனர்களுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து வந்தான். மூடிமேல் கூந்தல் பறக்கும் பெண்ணின் படம். பின்னால் பொடி எழுத்தில் பயோட்டின், ஒரு மாத்திரைக்குப் பத்தாயிரம் மைக்ரோகிராம் என்று போட்டிருந்தது. காலையில் இரண்டு, மாலையில் ஒன்று என்று அண்ணி சொன்னாள். முதல் ரத்தம் எடுப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே சாப்பிடுகிறாள்.

ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது முப்பது. அண்ணி முப்பதாயிரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஊசிக்கு இப்போது புரிந்தது. அவளுடைய கூடத்து மெஷின், ரத்தத்தில் இருக்கும் சுரப்பைப் பிடித்து நிறுத்த இதே பயோட்டினைத்தான் பசையாகப் பயன்படுத்துகிறது. ரத்தத்திலேயே அது வண்டி வண்டியாக இருந்தால் பசை ஒட்ட வேண்டிய இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். மெஷின் ஒரு எண்ணைக் குறைத்துக் காட்டும், இன்னொன்றைக் கூட்டிக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அதிகச் சுரப்பு நோய் மாதிரியே இருக்கும். இதைச் சொல்லி, மெஷின் கம்பெனி இரண்டு வருடம் முன்பு ஒரு பக்கம் அச்சடித்து அனுப்பியிருந்தது. அதைப் படித்து, கையெழுத்துப் போட்டு, துளையிட்டுக் கோப்பில் வைத்தது வேறு யாருமில்லை, அவள்தான்.

"ரெண்டு தடவை கேட்டேனே அண்ணி," என்றாள். கோபமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாள். கெஞ்சலாகத்தான் வந்தது.

"நீ மாத்திரைன்னு கேட்டே." அண்ணி ஆரஞ்சுச் சுளையைத் தட்டில் வைத்தாள். "அதோட, அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நீ கேலி பண்ணினியே. அப்புறம் எப்படிச் சொல்றது?"

அன்று நடந்தது ஊசிக்கு மறந்தே போயிருந்தது. போன வருடம் அண்ணன் வேலைக்கு நடுவே இந்தச் சத்து டப்பாக்களை விற்கத் தொடங்கியிருந்தான். உறவுக்காரர்கள் எல்லாம் சேர்ந்து வெளியே சாப்பிடப் போன ஒரு நாள், அவன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்து விளக்க ஆரம்பித்தான். லிஃப்டுக்கு கிரீஸ் போடுகிறவன் மனுஷனுக்கும் போட ஆரம்பித்துவிட்டான் என்று அவள் சொன்னாள். மேசை மொத்தமும் சிரித்தது, பரிமாறியவர் உட்பட. அண்ணனும் சிரித்தான். அதற்குப் பிறகு அவள் முன்னால் அவன் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. விற்காமல் மிஞ்சிய டப்பாக்கள் கருவிப் பெட்டிக்குள் போயின. அண்ணிக்கு முடி கொட்டியபோது வெளியே வந்தன.

ஊசி டப்பாவை மூடித் தன் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு அண்ணன், டாக்டர் கொடுத்ததை இன்றே நிறுத்திவிடலாமா என்று கேட்டான். நாமாக எதையும் செய்து இதுவரை பட்டது போதும், நாளை டாக்டரிடமே கேட்கலாம் என்றாள் ஊசி.

திங்கட்கிழமை டாக்டர் இரண்டு தாளையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோப்பைப் புரட்டி, வேறு மருந்துகள் என்ற இடத்தில் தன் கையெழுத்தில் இல்லை என்று எழுதியிருந்ததைக் காட்டினார். கேட்டேனே அம்மா என்றார். சத்தைப் பற்றிக் கேட்கவில்லையே என்றாள் அண்ணி. இருவர் சொன்னதும் உண்மைதான். அதுதான் ஊசிக்குத் தாங்கவில்லை. ஒருவராவது பொய் சொல்லியிருந்தால் அவரைத் திட்டித் தீர்த்திருக்கலாம்.

தைராய்டு மாத்திரை நிறுத்தப்பட்டது. சத்தும் நிறுத்தப்பட்டது. பத்து நாள் கழித்து ரத்தம் எடுத்தபோது இரண்டு மெஷினும் ஒரே பேச்சைப் பேசின. இரண்டு மாதத்தில் வீக்கம் வடிந்தது, குரல் தெளிந்தது. அண்ணி சால்வையைத் துவைத்து அலமாரியில் வைத்தாள். காய்ச்சலுக்குப் பிறகு கொட்டும் முடி சில மாதத்தில் தானாகவே திரும்பி வந்திருக்கும் என்றும், நடுவில் சுரப்பை வறள வைத்ததால் இன்னும் கொட்டியது என்றும் டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு அண்ணி சிரித்தாள். ஊசிக்குச் சிரிப்பு வரவில்லை.

மேலாளர் அவளை மெஷினுக்குத் திருப்பி அனுப்பினார். ஆனால் விளக்கக் கடிதம் அவளுடைய கோப்பிலேயே இருந்தது. எடுக்க விதி இல்லையாம். பரிசோதனைப் படிவத்தில் வைட்டமின் ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று ஒரு வரி சேர்க்கலாமே என்று கேட்டாள். இந்த வருடத்துப் படிவம் அச்சாகி வந்துவிட்டது, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். அதனால் அவள் காலையில் அரை மணி முன்னதாக வந்து, அன்றைய படிவங்களில் அந்த வரியைப் பேனாவால் எழுதினாள். அவள் விடுப்பு எடுத்த நாட்களில் அந்த வரி இருக்காது.

ஒரு மாலை அண்ணன் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தான். கையில் ஒரு சின்ன நோட்டு. அவனிடம் அந்த முடிச் சத்தை வாங்கியவர்கள் பதினான்கு பேரின் பெயரும் எண்ணும் அதில் இருந்தன.

"என்ன சொல்லணும்னு எழுதிக் குடு," என்றான்.

ரத்தம் கொடுக்கப் போகும்போது இதைச் சாப்பிடுகிறேன் என்று கட்டாயம் சொல்ல வேண்டும், எத்தனை நாள் முன்பே நிறுத்துவது என்று கேட்க வேண்டும், ஏற்கெனவே தைராய்டு பார்த்தவர்கள் டாக்டரிடம் மறுபடி காட்ட வேண்டும். இவ்வளவையும் அவள் பெரிய எழுத்தில் எழுதினாள். எழுதி முடித்ததும், அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று சொன்னாள்.

"ஜோக் நல்லாத்தான் இருந்துச்சு," என்றான் அவன். "அதான் கோபம்."

வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். ஊசி கையுறையைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் ஆள் எடுக்கவில்லை. இரண்டாவது ஆள், சரி சரி என்று சொல்லி, பாதியிலேயே வைத்துவிட்டார். மூன்றாமவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. தனக்கு ஒரு நோயும் கிடையாது, அதனால் டெஸ்டே எடுப்பதில்லை என்றார். நான்காமவர் அண்ணன் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் அடுத்த டப்பா எப்போது வரும் என்று கேட்டார். ஐந்தாமவரிடம் அண்ணனின் குரல் ஏறிவிட்டது. சத்துதான் சார், யார் இல்லைன்னாங்க, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க என்று அவன் மூன்று தடவை சொன்னான். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

அண்ணன் போனை மடியில் போட்டுக்கொண்டான். ஊசி உள்ளே போய் அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடித்தான். இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த எண்ணை அழுத்தினான்.