விதைப்பூண்டு

குழாயைத் திறந்ததும் வெந்நீர் கொட்டியது. செல்லக்கிளி கையை இழுத்துக்கொண்டாள். இன்னும் உச்சிவேளைகூட ஆகவில்லை, அதற்குள் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் சூடேறிவிட்டது. மேல்மலையில் இருந்த காலமெல்லாம் விடிவதற்கு முன்னே எழுந்து, ஈர விறகை ஊதி ஊதி, கண் எரிய ஒரு சட்டி வெந்நீர் வைப்பதுதான் அவளுடைய முதல் வேலை. வெந்நீர் இல்லாமல் அங்கே முகம் கழுவ முடியாது. குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வருகிற ஊரில் ஒரு நாளாவது இருந்துவிட்டுச் சாகவேண்டும் என்று கணவர் சோலையிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இந்த மதுரை வில்லாபுரத்து வீட்டில் அது கேட்காமலே வருகிறது. குடத்தைப் பிடித்து ஓரமாக வைத்துவிட்டு, ஆறட்டும் என்று அதன் பக்கத்திலேயே நின்றாள்.

நிற்கும்போது கண் தானாக மேலே போயிற்று. கேஸ் அடுப்புக்கு மேலே, ஜன்னல் கம்பியில், காய்ந்த தாளோடு சேர்த்துப் பின்னிய பூண்டுக் கொத்து தொங்கியது. எக்கி, ஒரு பூண்டை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தாள். தினமும் பார்ப்பதுதான். ஊரில் விதைப்பூண்டை விறகடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்து மண்ணில் ஊன்றுகிற வரை அது புகையிலேயே கிடக்கும். புகை குடித்த பூண்டு கெட்டியாக, தோல் கறுத்து, உள்ளே ஈரம் போகாமல் இருக்கும். இங்கே அடுப்பில் புகை ஏது. நீலத் தீ, அதற்குமேல் ஃபேன் காற்று, ஜன்னல் வழியே அனல். விரலுக்குக் கீழே தோல் நொறுங்கியது. உள்ளே பல் சற்றே ஆடியது.

மாசியில் அறுவடை முடிந்ததும் இறங்கி வந்தார்கள். சாமான் ஏற்றுகிறபோது இந்தக் கொத்தை ஏன் அவிழ்த்து எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. சமையலுக்கு ஆகும் என்று பொதுவாகச் சொல்லிவைத்தாள். விதைப்பூண்டை யாரும் சமைப்பதில்லை என்பது சோலைக்கும் தெரியும். அவர் ஒன்றும் கேட்காமல் அதைக் கம்பளிச் சாக்குக்கு மேலே பதமாக வைத்தார்.

வந்த புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. காலையில் மாடிக்குப் போய் இளவெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். மழைக்காலத்தில் ஆளையே சுருட்டிப் போடுகிற முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. பாத வெடிப்புகள் மூடிக்கொண்டன. சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை சித்திரைத் திருவிழாவுக்கு அப்பா அவளை மதுரைக்குக் கூட்டிவந்திருந்தார். வைகை மணலில்தான் படுக்கை. பொழுது போன பிறகும் மணல் முதுகுக்குக் கீழே இளஞ்சூடாக இருந்தது. பூமியே அடுப்பு மாதிரி இருக்கிற ஊர் ஒன்று உண்டு என்பதை அவள் அதன்பிறகு மறக்கவே இல்லை. கல்யாணமாகி, ஊரார் காட்டில் கூலிக்குப் பூண்டு ஊன்றி, பிறகு வீட்டை ஒட்டி அரை ஏக்கரைச் சொந்தமாக வாங்கி அதில் ஊன்றிய காலத்திலும், குளிர்ந்த மண்ணுக்குள் விரல் விறைக்கிறபோதெல்லாம் அந்த மணலைத்தான் நினைத்துக்கொள்வாள். மகன் அருண்பாண்டிக்குக் காளவாசலில் பைக் ஷோரூம் வேலை நிலைத்ததும் அவள் பிடித்த பிடியை விடவில்லை. போனால்தான் ஆயிற்று என்றாள். அழுதாள். சாப்பிடாமல் கிடந்தாள். அருண்பாண்டி இவர்களுக்காகவே பெரிய வீடாகப் பார்த்து மாறினான்.

பங்குனி கடைசியில் எப்போதோ அது தொடங்கியது. முதலில் தூக்கம் போயிற்று. மேலே இரண்டு கம்பளியின் பாரம் இல்லாமல் உடம்பு படுக்கையில் தங்க மறுத்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு கம்பளியை எடுத்து நாலாக மடித்துப் பாதத்தின் மேல் மட்டும் போட்டுக்கொள்வாள். வியர்த்துக் கொட்டும். ஆனாலும் அந்தப் பாரம் வேண்டியிருந்தது. பிறகு கண்ணுக்கு முன்னால் எல்லாம் தெரிந்துகொண்டே இருப்பது சங்கடமாகிவிட்டது. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு வண்டியும், வெளுத்த வெளிச்சத்தில் அசையாமல் நின்றன. மேல்மலையில் பனிமூட்டமாய் மஞ்சு இறங்கினால் பக்கத்து வரிசையில் ஊன்றுகிற ஆள்கூடத் தெரியாது. அப்போது ஒருவர் ‘ஓய்’ என்று குரல் கொடுப்பார். இன்னொருவர் ‘ஓய்’ என்பார். அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. இருக்கிறேன் என்பதுதான். இங்கே எல்லோரும் எல்லோரையும் பார்க்க முடிகிறது. ஒருவரும் கூப்பிட வேண்டியதில்லை.

இதை அவள் யாரிடம் சொல்வாள். குளிர் குளிர் என்று அந்த மனிதரைப் பிடுங்கியெடுத்துக் கூட்டிவந்தவள் அவள். அவரோ வந்த வேகத்தில் ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டி வேலையைப் பிடித்துக்கொண்டு, நீலச் சட்டையும் தொப்பியுமாக, டீக்கடையில் நாலு பேரை மாப்ள என்று கூப்பிடுகிற அளவுக்கு இந்த ஊர்க்காரராகிவிட்டார். மலையைப் பற்றி அவர் வாயைத் திறப்பதே இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சோலைக்கு வார விடுமுறை. கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவர் போனோடு அடுப்படிக்கு வந்தார்.

“மலைச்சாமி. ஒங்கிட்டயும் பேசணுமாம்.”

மலைச்சாமி சோலைக்குச் சித்தப்பா மகன். மலையில் மேலண்டை வீட்டுக்காரர். பூட்டிக் கிடக்கிற வீட்டையும் அரை ஏக்கரையும் வாங்கிக்கொள்வதாக ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர். ஸ்பீக்கரில் அவர் குரலுக்குப் பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது. செல்லக்கிளி அந்தச் சத்தத்தைத்தான் முதலில் கேட்டாள்.

“என்ன மதினி, வெயில்ல நல்லா காயுறீகளா?”

“இருக்கோம் தம்பி.”

“நேத்து மழை எறங்கிருச்சு. காடு நல்லா பதமா இருக்கு. வெள்ளிக்கெழமை கீழ வாரேன். அண்ணன் ஒரு கையெழுத்தப் போட்டாருன்னா மக்யா நாளு, சனிக்கெழமையே, ஏர் கட்டிருவேன். அப்பறம் மதினி, விதைப்பூண்டு ஒங்ககிட்ட ஒரு கொத்து கெடக்காமே. அந்தக் காட்டு விதை அந்தக் காட்டுலயே ஊனுனாத்தான் நல்லது. குடுத்து விடுங்க. அங்க வச்சு என்ன செய்யப் போறீக, தொவையல்தான் அரைப்பீக.”

அவர் சிரித்தார். சோலையும் சிரித்தார். செல்லக்கிளி ஜன்னல் கம்பியைப் பார்த்தாள்.

“வாங்க தம்பி, பாப்போம்” என்றாள்.

போனை வைத்த பிறகு சோலை அங்கேயே நின்றார். ஆறிக்கொண்டிருந்த குடத்துத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார்.

“என்ன புள்ள, குடுத்துரலாமா?”

“ஒங்க இஷ்டம்.”

“என் இஷ்டம் என்ன இருக்கு இதுல. திரும்பிப் போமாட்டேன்னு நீதான சொன்ன. சும்மா பூட்டிப் போட்டா கூரை எறங்கிரும்.”

அவர் மேலும் கொஞ்ச நேரம் நின்றார். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாரோ, அல்லது வெறுமனே நின்றாரோ. பிறகு கூடத்துக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டில் ராதாமணி அவள் வீட்டாரோடு சௌராஷ்டிர மொழியில் என்னவோ சத்தமாகப் பேசிச் சிரிப்பது சுவர் வழியாகக் கேட்டது. ஒரு சொல்லும் புரியாத அந்தப் பேச்சைக் கேட்டபடி செல்லக்கிளி கூடத்துத் தரையில் முந்தானையை விரித்துப் படுத்தாள். எப்போது கண்ணயர்ந்தாள் என்று தெரியவில்லை.

மருமகள் சரண்யாதேவி சாப்பிட எழுப்பினாள். அவனியாபுரத்துப் பெண். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அன்று குழம்பு கொதிக்கிற வாசனை வீடு முழுக்க நின்றது. சோலை தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். செல்லக்கிளியும் உட்கார்ந்து ஒரு உருண்டை பிசைந்து வாயில் வைத்தாள்.

நாக்கு அறிந்துகொண்டது. கடைப் பூண்டின் வழவழப்பில்லை. சுள்ளென்று ஒரு காரம், அதற்குப் பின்னால் மெல்ல எழுந்துவந்த புகை. ஒரு கணம் அவள் வாய்க்குள் அவளுடைய அடுப்படி இருந்தது. கரி படிந்த உத்திரம், ஈர விறகு, கதவிடுக்கில் வந்துபோகிற மஞ்சு எல்லாம்.

“பூண்டு தீந்துபோச்சு அத்தை” என்றாள் சரண்யா. “இந்த வெயில்ல கடைக்கு யாரு போறதுன்னு ஜன்னல்ல தொங்குனதுல பாதிய உரிச்சுப் போட்டேன். சின்னச் சின்னப் பல்லு, உரிக்கிறதுக்குள்ள நகக்கண்ணு எரிஞ்சுபோச்சு. ஆனா எம்புட்டு வாசம் பாருங்க.”

செல்லக்கிளி உருண்டையை விழுங்கினாள். நிமிர்ந்தபோது சோலையின் கை தட்டில் அசையாமல் இருந்தது. அப்புறம் அது மறுபடி பிசையத் தொடங்கியது.

“நல்லாருக்கும்மா. இன்னுங் கொஞ்சம் ஊத்து” என்றார் அவர்.

எல்லோரும் உண்ட களைப்பில் படுத்தபிறகு அவள் அடுப்படியில் மிச்சக் கொத்தை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. மருமகள் மேல் கோபமும் வரவில்லை. விதையென்று அவளிடம் சொல்லியிருந்தால் தொட்டிருப்பாளா? விதையென்று சொன்னால் எங்கே ஊன்றுவதற்கு என்று அடுத்த கேள்வி வரும். ஒவ்வொரு பூண்டாக அமுக்கிப் பார்த்துப் பதரை ஒதுக்கினாள். ஒதுக்க ஒதுக்க மடியில் ஒரு கைப்பிடிதான் தேறியது. வெள்ளிக்கிழமை மலைச்சாமி வந்தால் இதை ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிடலாம். இரண்டு நாளில் மண்ணுக்குள் போய்விடும். விதைக்கு அதுதான் நல்லது. அவளுக்குப் புரியத்தான் செய்தது. ஆனால் கை அதைப் பையில் போட மறுத்தது.

வெயில் சாய்ந்ததும் மாடிக்குப் போனாள். வீட்டுக்காரர்கள் வெள்ளையடித்துவிட்டுப் போட்ட பெயின்ட் டப்பா ஒன்று தொட்டியடியில் கிடந்தது. அதில் காய்ந்த தேங்காய் மட்டையைப் பிய்த்துப் போட்டு, மேலே கொஞ்சம் பச்சை வேப்பிலையும் போட்டுப் பற்றவைத்தாள். துணிக்கொடியில் பூண்டைக் கட்டி, அதற்கு நேர் கீழே டப்பாவை நகர்த்தினாள். தளத்தின் சூடு இன்னும் இறங்கவில்லை. செருப்பையும் மீறிப் பாதம் சுட்டது. காற்று ஒரு பொட்டுக்கூட இல்லை. புகை எங்கும் போகாமல் மாடியிலேயே திரண்டு நின்றது. குனிந்து ஊதினாள். கண் எரிந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த எரிச்சல்.

“செல்லக்கா, கொசுவுக்கா?” பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ராதாமணி கேட்டாள்.

“ஆமாங்க.”

“எங்க பக்கமும் கொஞ்சம் தள்ளி விடுங்க. நேத்துலாம் பிச்சு எடுத்துருச்சு.” சொல்லிவிட்டு அவள் துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கிப் போனாள்.

பச்சை இலை எரிய எரியப் புகை இன்னும் கெட்டியானது. தண்ணீர்த் தொட்டி மறைந்தது. தெரு மறைந்தது. எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவும் மறைந்தது. அதன் நடுவில் அவள் குந்தி உட்கார்ந்திருந்தாள். முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. படியில் யாரோ ஏறுகிற சத்தம் கேட்டது. மாடி வாசலில் வந்து நின்றுவிட்டது.

“ஓய்.”

உரத்த குரலில்லை. பக்கத்து வரிசைக்குக் கேட்கிற அளவுக்குத்தான்.

“ஓய்” என்றாள் செல்லக்கிளி.

சோலை, அவள் குரல் வந்த பக்கமாக நடந்து வந்தார். மேலே பனியன் மட்டும்தான். கொடியில் தொங்குவதை அண்ணாந்து பார்த்தார். பிறகு டப்பாவுக்கு எதிர்ப்புறம் குந்தினார்.

“பாதி கொழம்புக்குள்ள போயிருச்சே.”

“தெரியுமா ஒங்களுக்கு?”

“மொத வாயிலயே தெரிஞ்சுபோச்சு.”

மட்டை வெடித்து ஒரு பொறி பறந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் அவள் பேசிய பேச்செல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும். மலைக்குத் திரும்புகிறேன் என்றால் அருண்பாண்டி முகம் எப்படிப் போகும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

“எனக்கு இங்க ஒத்துக்கலைங்க” என்றாள்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கீழே தெருவில் ஏதோ ஒரு பைக் நின்று, ஹார்ன் அடித்து, போயிற்று. சோலை டப்பாவை லேசாக நகர்த்திக் கொத்துக்கு நேராக வைப்பது அவளுக்குத் தெரிந்தது. பிறகு, விடிகாலைகளில் அடுப்புக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததும் செய்வதைப்போல, இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்து, விரித்து, தீயின் மேல் நீட்டினார். கழுத்திலிருந்து வியர்வை இறங்கிப் பனியனை நனைத்துக்கொண்டிருந்தது. அவர் கைகளை எடுக்கவில்லை.