உமி பறந்த திசை

புழுதியை அள்ளிவரும் சோளகக் காற்று பிடித்துவிட்டால் பூவரசங்குளத்துப் பக்கத்தில் சோற்றுக் கோப்பையை மூடி மூடித்தான் சாப்பிட வேண்டும். அன்று காலை யஹ்யா சோற்றில் கையே வைக்கவில்லை. உள்ளே மகள் ஸக்கியா இழுப்பு வந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். வெளியே, பக்கத்துக் காணியில், மயில்வாகனம் அரிசி ஆலைக்கு அத்திவாரக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார். கிராமச் சங்கம் அனுமதி கொடுக்க முன்னமே கயிறு! ஏன் பிடிக்கமாட்டார்? சங்கத் தலைவர் பரமலிங்கம் அவருடைய சொந்த மச்சான் அல்லவா!

“ஆலை வந்தால் உமித்தூசியிலை பிள்ளை தப்பமாட்டாள். ஆட்சேபனை எழுதிக் குடுத்தாச்சு. இண்டைக்குக் கூட்டத்திலை வாயைத் திறந்து சொல்லுங்கோ,” என்றாள் மனைவி பரீனா.

“வெறும் வாயாலை சொன்னால் ஆர் கேக்கப்போகினம்? நேற்றே தலைவர் வீட்டிலை ஒரு போத்தல் தேன் குடுத்திட்டு வந்தனான்.”

பரீனா தலையில் கைவைத்தாள். “நியாயம் எங்கட பக்கம் இருக்கேக்கை, கள்ளரைப்போல ஏன் போனனீங்கள்?”

யஹ்யா சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டான்.

சங்க மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. ஆலை விண்ணப்பத்தை வாசித்து முடிந்ததும் தலைவர் எழுந்தார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு போத்தலையும் ஒரு பொட்டலத்தையும் எடுத்து மேலே வைத்தார்.

“இது யஹ்யாவின்ரை தேன். இது மயில்வாகனத்தின்ரை மான் இறைச்சி வத்தல். ரெண்டு பேரும் வந்து எடுத்துக்கொண்டு போங்கோ.”

அட கடவுளே! ஊரே கொல்லென்று சிரித்தது. யஹ்யாவுக்குக் காதெல்லாம் சுட்டது. கூனிக் குறுகிப்போய்ப் போத்தலை எடுத்தான். பக்கத்தில் மயில்வாகனமும் பொட்டலத்தோடு நின்றதுதான் ஒரே ஆறுதல்.

தலைவர் அதோடு விடவில்லை. “விண்ணப்பக்காரர் என்ரை மனுசியின்ரை தம்பி. இந்த விசயம் முடியுமட்டும் நான் இந்தத் தலைவர் கதிரையிலை இருக்கப்படாது,” என்று இறங்கி வந்து, சனத்தோடு சனமாக யஹ்யாவுக்குப் பக்கத்து வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். உப தலைவர் வீரகத்தி கதிரையில் ஏறினார். யஹ்யா பிளந்த வாயை மூடவில்லை. ஒரு மனுசன் தன் பதவியை இப்படியும் இறக்கி வைப்பானா!

“ஆட்சேபனை சொல்ல வந்த ஆள் எழும்பும்,” என்றார் வீரகத்தி.

யஹ்யா தேன் போத்தலோடு எழும்பினான். “பிள்ளைக்கு இழுப்பு, ஐயா. தூசி ஒத்துக்கொள்ளாது,” என்றான். அவ்வளவுதான் வந்தது.

“இங்கை இருந்து கதைச்சால் தூசி தெரியாது. எல்லாரும் எழும்புங்கோ, காணிக்குப் போவம்!”

கொதிக்கிற வெயிலில் சங்கம் முழுவதும் அந்தக் காணிக்கு நடந்தது. அத்திவாரக் கயிற்றுக்கு நடுவில் நின்று, சூடடித்த நெல்லைத் தூற்றுகிற பழக்கத்தில், வீரகத்தி வழியில் ஒரு வீட்டில் வாங்கிவந்த சுளகு நிறைய உமியைத் தலைக்கு மேலே தூக்கிச் சரித்தார். சோளகம் அதை அப்படியே அள்ளிக்கொண்டு போய் யஹ்யாவின் கூரையிலும் முற்றத்திலும் கொட்டியது. உள்ளே ஸக்கியா இருமத் தொடங்கினாள். அந்த இருமல் மட்டும் எல்லோர் காதிலும் விழுந்தது.

“சோளகம் கொஞ்ச மாசம்தானே,” என்று முணுமுணுத்தார் மயில்வாகனம்.

“அப்ப அவ்வளவு மாசமும் நீர் மூச்சை அடக்கிக்கொண்டு இரும் பாப்பம்!” என்றார் வீரகத்தி.

அங்கத்தவர்கள் அந்த இடத்திலேயே கை உயர்த்தினார்கள். இந்தக் காணியில் ஆலைக்கு அனுமதி இல்லை. குடிமனை இல்லாத வயல்கரை மேட்டில் கட்டலாம். மயில்வாகனம் குழந்தை இருமிய பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுத் தானே குனிந்து கயிற்றை அவிழ்த்தார்.

யஹ்யா அரசாங்கம் என்றால் எங்கோ கொழும்பில் இருக்கிற பெரிய சாமான் என்று நினைத்திருந்தான். இன்று அது உமி படிந்த தலையோடு அவனுடைய முற்றத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது!

“ஐயா, வீட்டிலை அக்கா கோவிக்கமாட்டாவோ?” என்று பரமலிங்கத்தைக் கேட்டான்.

“இரவைக்குச் சோறு கிடைக்குமோ தெரியாது,” என்றார் அவர். சிரிப்பு அடங்கியதும் அவனை நேராகப் பார்த்தார். “யஹ்யா, மச்சான் வத்தல் தந்தது நியாயம் இல்லாதபடியால். நீர் நியாயத்தை வைச்சுக்கொண்டும் கைக்கூலியாத் தேன் தந்தீர். நான் அதை வைச்சுக்கொண்டிருந்தால், நாளைக்குக் குடுக்க ஒண்டுமில்லாதவன்ரை பிள்ளை இருமினால் ஆருக்குக் கேக்கும்?”