படகில் எழுந்து போக முடியாது

...பார்க்க வந்தவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள், ஏரி பின்னால் கிடக்கிறது, அவ்வளவு பெரிய ஊர் பின்னால் கிடக்கிறது, கையை நீட்டித் தங்கள் மூஞ்சியையே படம் பிடித்துக்கொள்கிறார்கள், அந்த மூஞ்சியை வீட்டுக் கண்ணாடியில் பார்த்தால் ஆகாதா, அதற்குப் படகு ஏறி, டீசல் புகை குடித்து... இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதையும் நேராகப் பார்க்கத் தெரியவில்லை. மாப்பிள்ளை வேறு, மாமா கொஞ்சம் சிரிங்க, மாமா கொஞ்சம் இந்தப் பக்கம், என்று போனை நீட்டுகிறார். சிரிக்க என்ன இருக்கிறது இங்கே? ஒலிபெருக்கியில் ஒருத்தன், இடது பக்கம் மணிக்கூண்டு, வலது பக்கம் பழைய சுங்கச் சாவடி, இந்த ஏரியின் ஆழம் இன்றுவரை யாருக்கும் தெரியாது என்கிறான். கயிற்றில் கல்லைக் கட்டி விட்டால் தெரிந்துவிட்டுப் போகிறது. கிடங்கு வாசலில் காவல் இருந்தவன் நான், சாப்பாட்டுத் தூக்கின் அடியில் எதையாவது வைத்துக் கடத்துகிறானா என்று ஆள் நடந்து வரும் தோரணையிலேயே சொல்லிவிடுவேன், என்னிடம் போய்...

நான் ஊர் பார்க்கவா வந்தேன்? இவளைக் கூட்டிக்கொண்டு போக வந்தேன். முட்டி வலி என்று மகள் வீட்டுக்கு வந்தாள், பெரிய ஆஸ்பத்திரி, ஆபரேஷன், சரியானதும் வந்துவிடுகிறேன் என்றாள், நானும் சரி என்றேன். மழை போய், வெயில் வந்து, அதுவும் போய்விட்டது. வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், அதை நானே கழுவி நானே கவிழ்த்து வைக்கிறேன். இன்று ராத்திரி பஸ்ஸுக்கு இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். கிளம்பு என்று சொன்னதும் மகள் முந்திக்கொண்டாள், இவ்வளவு தூரம் வந்துட்டு ஏரியைப் பார்க்காம போனா எப்படிப்பா, படகுல ஒரு சுத்து போயிட்டு வரலாம் என்று. முட்டியாம் முட்டி... மேல்தட்டுக்கு இரும்புப் படியில் கம்பியைக்கூடத் தொடாமல் ஏறுகிறாள். டிக்கெட் கிழிக்கிறவன், என்னம்மா, காலையில நடக்க வரலையா, உங்க கூட்டாளிங்க எல்லாம் தேடினாங்களே என்கிறான், இவளும் சிரித்துக்கொண்டே, வீட்டுக்காரர் வந்திருக்கார்ப்பா என்கிறாள். கூட்டாளிங்களா? சாலையைக் கடக்க என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறவளுக்கு இந்த ஊரில் கூட்டாளிகளா? எந்த நேரத்தில் இதெல்லாம் நடந்தது?

ஏரி நடுவுக்கு வந்ததும் கட்டடங்கள் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டன. மகளும் மாப்பிள்ளையும், அங்க பறவை தெரியுது, பார்த்துட்டு வரோம் என்று முன்பக்கம் போகிறார்கள், பறவையும் இல்லை ஒன்றும் இல்லை, போகிற நடையே சரியில்லை, தூக்கின் அடியில் எதையோ வைத்திருக்கிறவன் நடை. நான் திரும்புவதற்குள் இவள் ஆரம்பித்துவிட்டாள். நான் வரலைங்க, இங்கயே இருந்துடறேன். விளையாடுறியா, இங்க என்ன இருக்கு உனக்கு? பேச நாலு பேர் இருக்காங்க. ஏன், வீட்ல நான் என்ன கல்லா? கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன், வழக்கம்போல. எழுந்து எங்கே போவது? அந்தப் பக்கம் கம்பி, இந்தப் பக்கம் கம்பி, தாண்டினால் தண்ணீர். பின்பக்கம் வரை போனேன், என்ஜின் மேல் ஒருத்தன் துணி காயப்போட்டிருக்கிறான், திரும்பி வந்தேன். கோபம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால் பேச்சு ஆறிப்போயிருக்கும், இவளும் அதை மறுபடி எடுக்கமாட்டாள். இன்றைக்கு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். உட்காருங்க, கரை வர நேரம் இருக்கு. படகுன்னு சொன்னதே நான்தான், அவ இல்ல. வேற எங்க சொன்னாலும் பாதியில போயிடுவீங்க.

திட்டம் போட்டிருக்கிறாள்! இவளா? உட்கார்ந்தேன், கால் வலித்தது, அதனால்தான். நீங்க பேசுவீங்க, நான் கேட்பேன். நான் வாயைத் திறந்தா நீங்க செருப்பைத் தேடுவீங்க. மெதுவாகத்தான் சொல்கிறாள், குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்பது போல. நீங்களும் இங்கயே இருந்துடுங்களேன், யார் வேண்டாம்னு சொன்னது? மகள் வீட்டில் மூலையில் உட்கார்ந்து தின்பதற்கா, காலையில் இவளுடைய கூட்டாளிகளுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்கா, என்ன பேச்சு இது... சட்டைப்பையில் டிக்கெட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஒலிபெருக்கிக்காரன் மறுபடி மணிக்கூண்டு என்கிறான், இப்போது அது வலது பக்கம்.

கரை நெருங்கும்போதே கீழ்த்தட்டுக்கு இறங்கிவிட்டேன், கயிறு கட்டுகிறவன், பெரியவரே, பொறுங்க பொறுங்க என்று கத்தக் கத்தக் கரையில் குதித்துவிட்டேன். அப்பா என்றாள் மகள். இவள் மட்டும் மேல்தட்டில் இருந்தபடியே, வீடு அந்தப் பக்கம் இல்லைங்க, இடது பக்கம் போங்க என்கிறாள், தடுக்கவில்லை, வழி சொல்கிறாள். வலது பக்கமே நடக்கிறேன். கடைகள், வரிசையாக நிற்கும் பஸ்கள், முகம் தெரியாத ஜனம். வீட்டை விட்டு நான் கிளம்பிப் போனபிறகு இவள் உள்ளே என்ன செய்வாள், அழுவாளா, வேலையைப் பார்ப்பாளா, அப்பாடா என்று உட்காருவாளா... ஒரு நாளும் கேட்டதில்லையே. திரும்பி வந்தால் சோறு மூடி வைத்திருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்? பேச நாலு பேர் வேண்டுமாம். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அந்தக் கூட்டாளிகளில் ஒருத்தி, இல்லாவிட்டால் மகள், இது இவள் பேச்சே இல்லை, இவளுக்கு இப்படியெல்லாம் பேச வராது...