எந்த அட்டையிலும் இல்லாதவள்

தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காப்பீட்டு கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான், ஜாஸ்மின். அரசு காப்பீட்டு அட்டை இருந்தால், ரேஷன் கார்டில் பெயர் உள்ள குடும்பத்தாருக்கு வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை அரசே கட்டும். எத்தனையோ பேர் நிலத்தை விற்காமல் நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் இந்தச் சம்பளத்துக்கு இங்கே கிடக்கிறேன்.

இண்டூர் தர்மன் தன் மகள் பானுமதியைக் கொண்டுவந்து சேர்த்தார். இதய வால்வு கெட்டிருந்தது. இரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும், வேறு எங்கும் அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். தர்மனின் காப்பீட்டு அட்டை எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்தேன். மகள் பெயர் இல்லை.

"கல்யாணம் முடிஞ்ச வாரமே ரேஷன் கார்டுல பேரை எடுத்துட்டனுங்க. சம்பந்தி வூட்ல கேட்டாங்க" என்றார், பெரிய கடமையை முடித்தவர்போல.

கம்பைநல்லூர் புகுந்த வீட்டு அட்டையிலும் அவள் இல்லை. பெயர் நீக்கிய சான்று எட்டு மாதமாக அங்கே பீரோவில் தூங்குகிறது. அந்த வீட்டில் பிள்ளை பெற்ற பிறகுதான் மருமகளுக்குக் கார்டில் இடமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமியார் ஜானகியம்மாள்தான் கார்டில் குடும்பத் தலைவி. போனில் பிடித்தேன். "இன்னைக்கே ஆன்லைன்ல போடுங்கம்மா. பத்து நாள்ல பேர் ஏறிடும். பைசா செலவில்லாம ஆபரேஷன் முடிஞ்சிடும்."

"மொதல்ல அவ பொழைச்சு வரட்டுங்க. அப்புறம் சேத்துக்கலாம்."

"சேத்தாத்தாம்மா பொழைப்பா!"

போனை வைத்துவிட்டார். கணவன் அருண்குமாரைக் கேட்டால், "அம்மா சொல்றதுதாங்க" என்பதோடு சரி.

தர்மன் தன் ஒன்றரை ஏக்கரை விலை பேசி முன்பணம் வாங்கினார். புதன்கிழமை பத்திரப்பதிவு, மீதி கைக்கு வந்ததும் ஆபரேஷன் என்று ஏற்பாடு. முன்பணம் முழுவதையும் தீவிர சிகிச்சைப் பிரிவு விழுங்கியது. மீதியையும் கட்டாமல் எங்கள் ஆஸ்பத்திரி கத்தியைத் தொடாது. திங்கட்கிழமை காலை பானுமதி செத்துப்போனாள்.

உடலை வாங்க வந்த ஜானகியம்மாள் என் முன்னால் நின்று சொன்னார்: "பேரைச் சேக்காததும் நல்லதாப் போச்சுங்க. சேத்திருந்தா இப்ப எடுக்கறதுக்கு வேற தாலுக்கா ஆபீசுக்கு அலையணும்."

எனக்கு அந்த அம்மாளை அறைய வேண்டும்போல இருந்தது. அறையவில்லை.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாததால் புதன்கிழமை தர்மன் நிலத்தை எழுதிக் கொடுத்தார். மீதிப் பணத்தை எடுத்துக்கொண்டு நேராக என் கவுண்டருக்கு வந்தார்.

"ஆபரேஷன் பணத்த எங்கீங்க கட்டறது?" என்று கேட்டார்.